கடைசி விலையை எழுதிக் கொடுத்தவன்

எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிகள். ஒவ்வொன்றும் ஏழரை அங்குல உயரம். இரண்டாவது திருப்பத்தில் ஒரு படி மட்டும், மேசன் பிழைவிட்டதால், ஒன்பது அங்குலம். இருபத்திரண்டு வருடம் ஏறி இறங்கிய அந்தப் படியில்தான் போன வருடம் என் மனைவி சறுக்கி விழுந்தாள். யாரோ கழுவிவிட்ட தண்ணீர் காய்ந்திருக்கவில்லை. வலது இடுப்பில் தகடு வைத்தார்கள். சமதரையில் வோக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். படி இறங்க முடியாது. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

நான் கட்டட நிறுவனமொன்றில் படவரைஞன். அளப்பதும் எழுதி வைப்பதும் என் தொழில். வீட்டுக்கு வந்த பின்னும் அது என்னை விடுவதில்லை. முப்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதைப் புரட்டிப் பார்த்தால், விழுந்த நாளிலிருந்து பதினொரு மாதத்தில் அவள் கீழே போனது ஒன்பது முறை. ஒன்பதும் பொரளையில் கிளினிக்குக்கு. ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கராஜில் வேலை செய்யும் மூன்று பேர் வருவார்கள். வெள்ளை பிளாஸ்டிக் கதிரையில் அவளை இருத்தி, பயப்பட வேண்டாம் அக்கா என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே திருப்பத்துக்குத் திருப்பம் சரித்துக் கொண்டுபோவார்கள். அந்த நேரம் முழுவதும் அவள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். பயத்தில் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன்.

"ஒவ்வொரு மாடியிலயும் கதவைத் திறந்து பாக்கினம். நான் கண்ணை மூடினால் அவையளுக்கும் லேசு, எனக்கும் லேசு" என்றாள்.

அவள் இருபது வருடம் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். பத்து மணிக்குப் பிள்ளைகளை விளையாட விடும் சத்தம் எங்கள் வரவேற்பறைக்குக் கேட்கும். "இண்டைக்கும் அஞ்சு நிமிசம் முந்தி விட்டிட்டா" என்று புதிய ஆசிரியையைக் குறை சொல்வாள். அந்தப் பாடசாலை எங்கள் வாசலிலிருந்து இருநூறு அடிகூட இல்லை. அவள் விழுந்த பிறகு ஒருநாளும் அங்கே போனதில்லை.

ஆகவே வீட்டை விற்று, நிலத்தோடு ஒட்டிய ஒரு வீட்டை வாங்குவதென்று முடிவெடுத்தோம். நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் கீழ்மாடி வீடு எங்கள் கைக்கு எட்டாது. கொட்டாஞ்சேனைப் பக்கம் பார்க்கலாம் என்று கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவர் சொன்னார். புரோக்கரையும் அவர்தான் அனுப்பினார்.

புரோக்கருக்கு நாற்பது வயது இருக்கும். மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கொழும்புக்கு வந்து, ஜிந்துப்பிட்டியில் குடியிருப்பவர். கையில் இரண்டு போன். முதல்நாள் மேலே வந்து மூச்சு வாங்கி முடியுமுன்னே என் மனைவியைப் பார்த்து, "டீச்சர், எங்க அக்காவுக்கும் இதே இடுப்புதான்" என்றார். அவர் போன பிறகு, "நல்ல பிள்ளை" என்றாள் அவள். எனக்கும் அவரைப் பிடித்தது. இன்றைக்கும் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அவர்கள் தொழிலில் கடிதம் கிடிதம் எதுவும் இல்லை. வீட்டுக்காரர் பத்துப் புரோக்கர்களிடம் சொல்வார். யார் கூட்டிவந்த ஆள் வாங்குகிறாரோ அந்தப் புரோக்கருக்குக் கொமிஷன். வாங்க வருகிறவரைப் பார்ட்டி என்பார்கள். ஒரு வீட்டை ஒரு பார்ட்டிக்கு முதலில் காட்டியவருக்கே அந்தப் பார்ட்டி சொந்தம். இதை அவர் எனக்கு விளக்கியபோது, ஒழுங்கில்லாத வேலையாகப் பட்டது. நான் ஒருவரை நியமித்தால் அவர் ஒருவர்தான். எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார் லெட்டர்? நம்ம தொழில்ல வாய்தான் பத்திரம்."

"எனக்கு எழுத்தில் வேணும்."

"சரி சார். நீங்க சந்தோசமா இருந்தா போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். ஏழு பிரிவுகள். ஆறு மாதத்துக்கு வேறு எவரிடமும் வீட்டைக் கொடுக்கமாட்டேன். அந்தக் காலத்தில் நானே ஆளைக் கண்டுபிடித்தாலும் கொமிஷன் அவருக்கே. அதற்குப் பதிலாக அவர் கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு வீடு தேட வேண்டும். இப்படியே போனது. அவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். ஏழு பிரிவுகளில், அவர் யாருடைய ஆள் என்று ஒரு பிரிவும் இல்லை. அது எழுத வேண்டிய விடயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதத்தோடு ஒரு தாளும் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் வீட்டின் வரைபடம், அளவுகளோடு. மறுபக்கத்தில் விபரம்: குளியலறைக் கூரையில் கசிவு, மழைக்காலத்தில் மட்டும், சமையலறை ஜன்னல் முழுதாகப் பூட்டாது, கேட்கும் விலை, இறங்கக்கூடிய கடைசி விலை, விற்பதற்கான காரணம். காரணத்தில், மனைவிக்கு இடுப்பு முறிவு, படி இறங்க இயலாது, ஆறு மாதத்துக்குள் மாறியாக வேண்டும் என்று எழுதினேன்.

பின்னால் வோக்கரைப் பிடித்தபடி நின்று வாசித்த மனைவி கேட்டாள்: "கடைசி விலையையும் எழுதுறியளோ?"

"எங்களுக்காக வேலை செய்யிற ஆளுக்கு முழுதும் சொல்லத்தானே வேணும். டொக்டரிட்டை வருத்தத்தை மறைக்கிறதோ?"

"டொக்டர் வேற வருத்தக்காரரிட்டைக் கொமிஷன் வாங்குறதில்லை" என்றாள். நான் சிரித்துவிட்டுத் தாளை உறைக்குள் வைத்தேன்.

சனிக்கிழமைகளிலும், பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களிலும் ஆட்கள் வந்தார்கள். முதல் நாலு மாதத்தில் பதினேழு பேர். ஒவ்வொரு முறையும் புரோக்கர் முன்கூட்டியே போன் எடுத்து, டீச்சர் கதிரையிலேயே இருக்கட்டும், வோக்கரை அறைக்குள் வையுங்கள் என்பார். வீட்டில் வருத்தக்காரர் இருப்பது தெரிந்தால் அவசரம் என்று விளங்கிவிடும், விலையை இறக்குவார்கள் என்றார். எங்கள் நன்மைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவள் சீலை உடுத்து, மடியில் ஒரு வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, ஒரு மணித்தியாலம் அசையாமல் இருப்பாள். ஒரு வயதான அம்மா வந்தபோது, என் மனைவி எழுந்து மரியாதை செய்யவில்லை என்று அவர் முகத்தைச் சுளித்ததை நான் கண்டேன். அவர்கள் போனதும் மனைவி சொன்னாள்: "ஏலாம ஏலாம மேல வந்த ஆளுக்கு மரியாதை தெரியுது, கீழ போக ஏலாத ஆளுக்குத் தெரியேல்லையாம்."

பதினேழு பேரில் விலை பேசியவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் சொன்னது ஒரே விலை. என் கடைசி விலை. அதற்கு மேலே ஒரு சதமும் அசையவில்லை. இதை நாட்குறிப்பில் எழுதி, பக்கத்தில் "சந்தை நிலவரம்" என்று குறிப்பும் போட்டேன். அதை இப்போது வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது.

இதே காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு அகப்பட்டது. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, சின்ன வீடு, வாசலில் ஒரேயொரு படி. உரிமையாளர் கணவனை இழந்த ஒரு அம்மா. புரோக்கர் அந்த அம்மாவைப் பற்றி எனக்கு நிறையச் சொன்னார். மகன்மார் இருவருக்கும் பேச்சில்லை, ஒருவன் வீட்டு உறுதியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்கிறான், அந்த அம்மா வருடம் முடியுமுன் விற்றுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போக நினைக்கிறார், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இறங்கி வருவார். நான் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வைத்தேன். திருப்தியோடுதான் எழுதினேன். எங்கள் ஆள் எங்களுக்காகச் சேதி கொண்டுவருகிறார் என்ற திருப்தி. அந்த அம்மாவும் அவரைத் தன் ஆள் என்று நினைப்பார் என்பது என் மூளையில் ஓடவில்லை.

ஐந்தாம் மாதம், ஒரு போயா நாள் காலை, தெமட்டகொடையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அமைதியான மனிதர். எல்லா அறையும் பார்த்தார். குளியலறையில் நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "கசிவு இந்த மூலைதானே" என்றார்.

காய்ந்த காலம் அது. கூரையில் ஒரு அடையாளமும் இல்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் போனை எடுத்து நீட்டினார். அதில் என் தாள். என் கையெழுத்து, என் அளவுகோலால் போட்ட கோடுகள், கடைசி விலைக்குக் கீழே நான் இரண்டுமுறை இழுத்த கோடு. தனக்கு வேறொரு புரோக்கர் அனுப்பியது என்றார். அவருக்கு இன்னொருவர் அனுப்பியிருக்கிறார். புரோக்கர்கள் தங்களுக்குள் போனில் ஒரு குழு வைத்து எல்லா வீடுகளின் விபரமும் பரிமாறிக்கொள்வார்களாம்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இப்படி ஒருத்தரும் எழுதிக் குடுக்கிறதில்லை" என்றார். கிண்டல் இல்லை, மெய்யாகவே சொன்னார். பிறகு கதிரையில் இருந்த என் மனைவியைப் பார்த்து, "நீங்க எழும்ப வேண்டாம், எங்களுக்குத் தெரியும்" என்றார்.

அவள் மடியில் இருந்த பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தாள். "இஞ்சேருங்கோ, அந்த வோக்கரை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றாள் என்னிடம். கொண்டுவந்தேன். அவர்கள் முன்னாலேயே எழுந்து, சமையலறைக்கு நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஐந்து மாதத்தில் ஒரு பார்ட்டியின் முன் அவள் நடந்தது அதுதான் முதல்முறை.

அவர்கள் இறங்கிப் போன பின், வாசலில் நின்ற புரோக்கரை உள்ளே கூப்பிட்டாள்.

"தம்பி, இதில இருங்கோ. நீங்கள் ஆருடைய ஆள்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். விக்கிறவங்க ஆளுன்னா வாங்குறவங்க நம்பமாட்டாங்க. வாங்குறவங்க ஆளுன்னா நீங்க கதவைத் திறக்கமாட்டீங்க. நான் வியாபாரம் முடியணும்னு நிக்கிற ஆளு. அவ்வளவுதான்."

"அப்ப ஏன் என்னைக் கதிரையில இருத்தினீங்கள்?"

"எல்லாருமே அந்தத் தாளைப் பார்த்திருக்க மாட்டாங்கல்ல. ஒரு ரெண்டு பேராவது பார்க்காம வருவாங்கன்னு."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடிதத்தை முடித்துக்கொள்வோம் என்றேன். அவர் உடனே மறுக்கவில்லை. எனக்கு ஒன்றுமில்லை சார், கிழித்துப் போட்டாலும் சரி, ஆனால் இந்த லெட்டரைக் காட்டித்தான் வீடு என் கையில் என்று வேறு நாலு புரோக்கர்களுக்குக் கொடுத்தேன், கொமிஷனில் ஆளுக்கொரு பங்கு சொல்லியிருக்கிறேன், நான் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள் என்றார். "லெட்டர் இல்லாட்டி நீங்க இன்னைக்கே வேற ஆளைப் பார்க்கலாம் சார். நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

அன்றிரவு என் கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நல்ல கடிதம். ஒரு ஓட்டை இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தப் பத்திரங்களைச் சரிபார்க்கிறவர்கூட அப்படி எழுதியிருக்கமாட்டார். வெளியே வர ஒரு கதவு வைக்காமல் நானே வரைந்து, நானே கையெழுத்து வைத்திருந்தேன். இன்னும் ஏழு வாரம்.

அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனை வீட்டைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. கிளினிக் தவிர்ந்து வேறொரு காரியத்துக்கு அவள் கீழே இறங்கியது அன்றுதான். கராஜ்காரர்கள் மூவரும் வந்தார்கள். அன்று அவள் கண்ணை மூடவில்லை. இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தலையசைத்தாள்.

ஓட்டோவில் புரோக்கர் சாரதிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார். வீடு இருட்டாகத்தான் இருந்தது. மூன்று பக்கமும் மதில். ஆனால் அவள் வாசல்படியை வோக்கரோடு தானே ஏறினாள். வரவேற்பறை, சமையலறை, பின்முற்றம் என்று தனியே நடந்தாள். பின்னால் தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை நனைத்துப் பார்த்தாள். அந்த நேரம் உரிமையாளர் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்கட மிஸிஸுக்கு மாடி ஏற ஏலாது, இந்த வீடு கட்டாயம் வேணுமெண்டு இவர் சொன்னவர். அதாலதான் நான் விலையைக் குறைக்கேல்ல. நீங்கள் எப்பிடியும் எடுப்பீங்கள்தானே."

அவர் மகன்மாரின் சண்டையைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. புரோக்கர் வெளியே போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு கடைசி விலைக்குப் போனால் இந்த வீட்டை அந்த அம்மா கேட்கும் விலைக்கு வாங்க முடியாது. அங்கே இறங்க வழியில்லை, இங்கே ஏறவும் வழியில்லை.

எங்கள் வாசலில் கராஜ்காரர்கள் கதிரையோடு காத்திருந்தார்கள். நான் இறங்கி வோக்கரை விரித்து வைத்தேன். அவள் இறங்கவில்லை.

"நான் மேல வரேல்ல."

"என்ன சொல்லுறீர்?"

"நீங்கள் போய் என்ர மருந்தையும் நாலு உடுப்பையும் எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வாங்கோ."

களைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்து, கொஞ்சநேரம் ஓட்டோவிலேயே இருக்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொண்டுபோய் மேல வச்சால் பிறகு ஆர் என்னை இறக்குவினம்? அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூண்டு கிழமை கிடக்கு." அவள் குரல் உயரவில்லை. சாரதி எஞ்சினை நிறுத்தினார். நோனாவுக்குச் சுகமில்லையா என்று கராஜ்காரர்களில் ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

"எங்க போறது டீச்சர்?" என்றார் புரோக்கர்.

"வீடு காட்டுறதுதானே தம்பி உங்கட வேலை. ஒரு அறை காட்டுங்கோ."

அவர் பெருந்தெருவான காலி வீதிப் பக்கம் பத்தடி நடந்து போய் இரண்டு பேருக்குப் போன் எடுத்தார். ஜிந்துப்பிட்டியில், தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஒரு வீட்டின் முன்னறை காலியாக இருக்கிறது என்று வந்து சொன்னார். "ஒரு படிகூடக் கிடையாது டீச்சர். மழை பெஞ்சா தண்ணி வரும், அதையும் சொல்லிடுறேன்."

"வரட்டும்" என்றாள்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. குளியலறை பொது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், இரண்டரை அடி தூரத்தில். அறைக்கு வழக்கப்படி ஒரு மாத வாடகையைப் புரோக்கர் கொமிஷனாகக் கேட்டார், கொடுத்தேன். மூன்றாம் நாள் நான் வேலையால் வந்தபோது அவள் அறையில் இல்லை. ஒழுங்கையின் முனையில், மரக்கறி வண்டிக்காரரிடம் கீரைப்பிடியை முகர்ந்து பார்த்து, "இது நேற்றையது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

வெள்ளவத்தை வீடு பூட்டிக் கிடந்தது. கடிதம் இன்னும் என்னைக் கட்டியிருந்ததால் புரோக்கர் கூட்டிவரும் ஆட்களுக்குக் கதவு திறந்துவிட நான்தான் போக வேண்டும். இரண்டாம் வாரம் இரும்புக்கடைக்காரர் மறுபடியும் வந்தார். வெறும் கதிரையைப் பார்த்தார். அதே கடைசி விலையைச் சொன்னார். இல்லை என்றேன். ஐந்து மாதத்தில் அந்த விலைக்கு இல்லை என்று நான் சொன்னது அன்றுதான். அதுவரை யோசித்துச் சொல்கிறேன் என்றே சொல்லி வந்தேன். அவர் சரி என்று இறங்கிப் போனார்.

நானும் புரோக்கரும் பின்னால் இறங்கினோம். "சார், இப்ப உங்களுக்கு அவசரம் இல்லைதானே" என்றார் அவர்.

அவசரம் இல்லாமல் இல்லை. அந்த அறையில் நாங்கள் எத்தனை நாள் இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. அடைமழை தொடங்கினால் அவள் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைக்க வேண்டும். ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "அவரிட்டையும் அதைச் சொல்லுங்கோ" என்றேன்.

"சொல்லாம இருப்பேனா சார்."

இரண்டாவது திருப்பத்தில் நின்று, எனக்கு முன்னாலேயே, இரும்புக்கடைக்காரரின் புரோக்கருக்குப் போன் எடுத்தார். கைப்பிடியைப் பிடித்தபடி என் வீட்டுக் கதையை இன்னொருவருக்குச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். டீச்சர் இறங்கிவிட்டார் என்றார். நன்றாக நடக்கிறார் என்றார். பிறகு, சார் கொட்டாஞ்சேனையில் வீடே வாங்கி முடித்துவிட்டார், இனி இந்த விலைக்கு இறங்கமாட்டார் என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் திருத்தவில்லை.